காளையோடு பிறந்த கிடேரி

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் சம்பந்தியம்மா ஒரு கிடேரியின் முதுகில் கை வைக்கப் போகிறார். அந்தக் கிடேரி கன்று போடாது என்பது செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்குத் தெரிந்துபோனது. தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நடுவில் ஒரு முழு நாள் இருந்தது. போய்ச் சொல்லிவிட்டால் முடிந்தது, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் முதல் அரை மணி நேரம் அப்படித்தான் தோன்றியது.

எங்கள் பால்பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. பதினைந்து வருஷம் விடாமல் வேலை பார்த்தவருக்கு ஒரு கிடேரி சொந்தம். ஒரு வயது தாண்டியது, இன்னும் சினை ஊசி போடாதது. அந்த வயதில் இருக்கிற எல்லாவற்றையும் கயிறு கட்டிய ஒரு வளைவுக்குள் ஓட்டி நிறுத்துவார்கள். ஆள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்து, பிடித்ததன் முதுகில் உள்ளங்கையை வைக்க வேண்டும். வைத்தால் அது அவருடையது. வைத்த கையை எடுத்து இன்னொன்றின் மேல் வைக்க முடியாது. முன்பு ஒரு தடவை வெளியே நின்றவன் 'அத எடு, இத எடு' என்று சொல்லப்போய் அடிதடியில் முடிந்ததாம். அன்றிலிருந்து கை வைக்கிறவரை கயிற்றுக்கு வெளியே ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். மேனேஜரே திறக்க மாட்டார்.

சம்பந்தியம்மாவுக்குப் பதினைந்து வருஷம் முடிந்திருந்தது. எனக்குப் பதினான்கு.

செவ்வாய்க்கிழமை மருந்து ரூமுக்குப் போனேன். காம்பில் தடவுகிற மருந்து தீர்ந்துவிட்டது. மாட்டு டாக்டரம்மா யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்ததால் நின்றேன். அவர் பண்ணைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. வந்ததிலிருந்து சுவரெல்லாம் அச்சடித்த தாள் ஒட்டுகிறார். நான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டது போன வருஷம். கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிற பைத்தியம் பிடித்திருந்தது. பினாயில் டப்பாவைக்கூட விடமாட்டேன். சுவரில் ஒரு புதுத் தாள் இருந்தது. இரட்டைக் கன்றுகள் என்று மேலே. அதன் கீழே கொட்டை எழுத்தில் ஃப்ரீமார்ட்டின்.

இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். டாக்டரம்மா போனை வைத்துவிட்டார்.

"என்னண்ணே, சுவத்தை முறைக்கறீங்க?"

"இது என்ன மருந்தும்மா?"

"மருந்தில்லண்ணே, மாட்டோட பேரு. காளைக்கன்னும் கிடேரிக்கன்னும் ஒரே வயித்துல ரெட்டையா இருந்தா, ரெண்டுக்கும் ரத்தம் கலந்து ஓடும். காளையோட ரத்தத்துல இருக்கறது கிடேரிக்குள்ள போயி, அதோட கர்ப்பப்பைய வளர விடாது. வெளிய பாத்தா நல்ல கிடேரி. உள்ள ஒண்ணும் இருக்காது. பத்துல ஒம்பது அப்படித்தான். அதுக்கு இங்கிலீஷ்ல வச்ச பேரு இது."

"அந்தக் காளைக்கன்னு செத்தே பொறந்திருந்தா?"

"செத்தா என்ன, பொழைச்சா என்ன? கலக்க வேண்டியது ஆரம்பத்துலயே கலந்திருக்கும்." அப்புறம் என்னைப் பார்த்தார். "ஏன், அப்படி ஏதாவது இருக்கா இங்க?"

"சே சே. பேரு ஒரு தினுசா இருக்கேன்னு கேட்டேன். ஃப்ரீன்னா சோப்பு வாங்கினா டம்ளர் குடுப்பாங்களே, அதுவா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நானும் படிக்கிறப்ப இதத்தான் கேட்டேன், எங்க வாத்தியாருக்கே தெரியல. அப்புறம் நானே அகராதியெல்லாம் புரட்டினேன். முந்நூறு வருஷத்துக்கு மேல புழங்கற வார்த்தை. எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் நிச்சயமா தெரியல. ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கம் மார்ட்டுன்னா கறிக்குன்னு கொழுக்க வச்ச மாடாம். குளிர்காலத்துக்கு முன்ன, மார்ட்டின்னு ஒரு புனிதர் பேர்ல ஒரு நாள் வரும், அந்த சமயத்துல வெட்டி உப்பு போட்டு வச்சுக்குவாங்களாம். முன்னால இருக்கற ஃப்ரீ, அந்த வருஷம் சினை பிடிக்காத பசுவுக்குச் சொல்ற ஒரு பழைய வார்த்தை தேஞ்சு வந்ததா இருக்கலாம்னு சிலர் சொல்றாங்க. எல்லாம் யூகந்தான்."

"கன்னு போடாதுன்னா நேரா கறிக்கா?"

"பால் வராத மாட்டுக்குப் பண்ணையில யாருண்ணே தீனி போடுவாங்க? இந்தாங்க, மருந்து."

மருந்து டப்பாவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பெயர் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாதாம். எங்கள் கிடேரி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

பதினான்கு மாதத்துக்கு முன்பு நான் பிரசவக் கொட்டகையில் இருந்தேன். எண்பத்தெட்டாம் நம்பர் பசு மத்தியானத்திலிருந்து படுப்பதும் எழுவதுமாக இருந்தது. குளம்பு இன்னும் வெளியே தெரியவில்லை, நேரம் இருக்கிறது என்று நினைத்து டீ குடிக்கப் போனேன். அங்கே ரேடியோ உட்கார்ந்திருந்தான். சாணி வண்டி ஓட்டுகிறவன். வாயை மூடமாட்டான் என்பதால் அந்தப் பெயர். அவன் மச்சான் புது பைக்கை ஓட்டிக்கொண்டு போய்ச் சாக்கடையில் இறக்கிய கதையைச் சொன்னான். வயிறு வலிக்கச் சிரித்தேன். திரும்பி வந்தபோது கன்று வைக்கோலில் கிடந்தது. மூக்கின் மேல் பனிக்குடத்துத் தோல் அப்படியே ஒட்டியிருந்தது. உடம்பில் சூடு இருந்தது. பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினேன், வைக்கோலால் தேய்த்தேன், மூக்கில் வாய் வைத்து ஊதினேன். ஒன்றும் ஆகவில்லை. காளைக்கன்று. கையால் ஒரு தடவை அந்தத் தோலை வழித்துவிட ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.

நான் மண்டியிட்டுக் கிடக்கும்போதே பசு மறுபடியும் முக்கியது. இன்னொன்று வந்தது. கிடேரி. வந்ததும் தும்மியது.

ஆள் பக்கத்தில் இல்லாமல் கன்று செத்தால் வேலை போய்விடும். அதற்கு முந்தின வருஷம் ஒருத்தனை அப்படித்தான் அனுப்பினார்கள். அவன் சாப்பாட்டுத் தூக்கை எடுக்கக்கூட உள்ளே விடவில்லை. செத்த கன்றைச் சாக்கில் சுற்றி, தள்ளுவண்டியில் போட்டு, மேலே சாணியை அள்ளிப் போட்டு எருக்குழியின் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் புதைத்தேன். அப்புறம் ஆபீசுக்குப் போய் எழுத்தரிடம் சொன்னேன்: "ஒண்ணு. கிடேரி." அவர் கார்டில் எழுதிக்கொண்டார். அப்போது எனக்கு எழுதத் தெரியாது. பொய் சொல்ல மட்டும் தெரிந்திருந்தது.

அந்தக் கிடேரி வளர்ந்த வளர்த்தியைப் பார்த்து எல்லோருக்கும் மூக்கில் விரல். அதே வயது மற்றதெல்லாம் ஒட்டிய வயிறோடு நிற்கும்போது இது தோளும் கழுத்துமாக நின்றது. பயில்வான் என்று பெயர் வைத்தார்கள். சம்பந்தியம்மா எட்டு மாதமாகவே கண் வைத்துவிட்டார். காய்கறிக் கடையில் கழித்துப் போடுகிற முட்டைக்கோஸ் இலையைப் பொறுக்கிக்கொண்டு வந்து தினமும் ஊட்டுவார். "என் பயில்வானை எவனாவது தொட்டீங்க, பல்லு கையில வந்துடும்" என்று எல்லோர் காதிலும் போட்டு வைத்திருந்தார்.

என் மகளை அவருடைய மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். நாலு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. சம்பந்தியம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததுதான் எனக்குப் பயம். அவருக்கு வாய் நீளம். யாரை வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்டுவிடுவார். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம், இன்றைக்கு அந்தச் சொல் வந்துவிடப் போகிறது என்று நான் பேச்சை மாட்டின் பக்கம் திருப்பிவிடுவேன். அப்படிப்பட்டவரிடம் போய், நீங்கள் ஆசைப்பட்ட கிடேரி மலடு என்று பெண்ணைக் கொடுத்தவன் எந்த வாயால் சொல்வது? நான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தால் அது அப்புறம் எந்த வீட்டில் போய் உட்காரும்?

அது ஒன்று. என் வேலை ஒன்று. இரண்டுக்கும் நடுவில், பத்தில் ஒன்று நன்றாக இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னது ஒன்று. நம்மது ஏன் அந்த ஒன்றாக இருக்கக்கூடாது? செவ்வாய் முழுக்க அதையே பிடித்துத் தொங்கினேன்.

புதன்கிழமை காலைக் கறவையின்போது சொல்லிவிடுவது என்று கறவைக் கூடத்துக்குப் போனேன். இரண்டு பக்கமும் மாடுகள், நடுவில் ஆள் நின்று கறக்கிற பள்ளத்தில் சம்பந்தியம்மா. காம்பைத் துடைத்து, மெஷின் கப்பை மாட்டி, அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருந்தார். மெஷின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும்.

"சம்பந்தியம்மா, ஒரு விஷயம்!"

"சொல்லுங்க சம்பந்தி! கால் வலிக்கு எண்ணெய் கேட்டீங்களே, மறந்துட்டேன்!"

"அது இல்ல. நாளைக்கு எடுக்கறீங்களே, நல்லா யோசிச்சு எடுங்க!"

"என்ன யோசிக்கறது? கட்டற எடத்தையே உங்க பொண்ணு மெழுகி வச்சிட்டா! தொட்டி வாங்கியாச்சு! கயிறு வாங்கியாச்சு!"

"மத்ததையும் ஒரு பார்வை பாருங்களேன். அந்த வெள்ளக்காது கிடேரி..."

"எது, அந்த எலும்புக்கூடா?" ஈரக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓஹோ! அடுத்த வருஷம் உங்களுக்கு முடியுது. பயில்வான் மேல உங்களுக்கும் ஒரு கண்ணா?"

பக்கத்துப் பள்ளத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "சம்பந்திங்க சண்டைக்கு மாடு சாட்சியா?" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்த மாதிரி செய்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, நாளைக்கு நீங்களும் கூட வந்து வீட்ல விட்டுட்டுப் போங்க. அத்தை தனியா இழுத்துட்டு வர முடியாது."

"சரிம்மா." அப்புறம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "உங்கத்தைக்கு ரொம்ப சந்தோஷமா?"

"தூக்கமே இல்ல அவங்களுக்கு. இந்த வீட்ல ஒரு கன்னுக்குட்டியாவது துள்ளி ஓடட்டும்னு பக்கத்து வீட்ல சொல்லிட்டிருந்தாங்க." குரல் அங்கே கொஞ்சம் இறங்கியது. "தப்பா சொல்லலப்பா. சந்தோஷத்துல சொன்னாங்க."

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிடேரி வந்து, ஊசி போட்டு, சினை நிற்கவில்லை என்று மறுபடி போட்டு, மறுபடி போட்டு, ஒரு வருஷம் போகும். அப்புறம் யாராவது ஒரு டாக்டர் மலடு என்று சொல்வார். அந்த வீட்டு வாசலில், என் மகள் காதுபடச் சொல்வார்.

வியாழக்கிழமை பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒன்பது கிடேரிகளையும் வளைவுக்குள் விட்டார்கள். கறவைப் பெண்கள், தீவனம் போடுகிறவர்கள், ரேடியோ, எழுத்தர், டாக்டரம்மா எல்லோரும் கயிற்றைச் சுற்றி நின்றார்கள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், ஈ பறந்தால் கேட்கும்.

சம்பந்தியம்மா தலைவாரி, துவைத்த துணி கட்டி வந்திருந்தார். நேராகப் பயில்வானிடம் போகவில்லை. எல்லோரும் பார்க்கிறார்களே, சும்மா விடுவாரா? ஒவ்வொன்றாகப் போய், வாலைத் தூக்கிப் பார்ப்பதும், மடியைக் குனிந்து பார்ப்பதும், உதட்டைப் பிதுக்குவதுமாக ஒரு நாடகம் ஆடினார். வெள்ளைக்காதுக்காரியின் முன்னால் நின்று என் பக்கம் திரும்பி ஒரு புருவத்தை உயர்த்தினார். கயிற்றுக்கு வெளியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கயிற்றைப் பிடித்தபடி நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தில் ஒன்று. பத்தில் ஒன்று.

பயில்வான் இவரைப் பார்த்ததும் தானாகவே வந்தது. முட்டைக்கோஸ் இலை கொண்டுவந்திருக்கிறாரா என்று இடுப்பில் மூக்கால் முட்டியது. சம்பந்தியம்மா முகம் மலர்ந்துபோய்க் கையைத் தூக்கினார்.

"வைக்காதீங்க!"

நான்தான் கத்தினேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. கை அந்தரத்தில் நின்றது.

"யாருய்யா அது?" என்றார் மேனேஜர்.

"சம்பந்தியம்மா, கைய இறக்குங்க. அது... அது ஃப்ரீமார்ட்டின்."

ஒருத்தருக்கும் புரியவில்லை. "யாரு மார்ட்டினு? எந்த ஷெட்டு?" என்று ரேடியோ ஆரம்பித்தான், மேனேஜர் திரும்பிய திருப்பில் அடங்கிவிட்டான். டாக்டரம்மா மட்டும் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்துவிட்டார்.

சம்பந்தியம்மா என்னையே பார்த்தார். "புரியற மாதிரி சொல்லுங்க சம்பந்தி. என்ன அது?"

"அதுக்குக் கன்னு தங்காது. காளையோட ரெட்டையா பொறந்தது."

"ரெட்டைன்னு கார்டுல இல்லையே?" எழுத்தர் கையிலிருந்த கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணு, கிடேரின்னுதான இருக்கு? நீதான வந்து சொன்ன?"

இதற்குமேல் என்ன இருக்கிறது? சொன்னேன். டீ குடிக்கப் போனது, சாக்கு, எருக்குழி, எல்லாம். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. பயில்வானின் குளம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ரேடியோ மட்டும் மெதுவாக, "அன்னைக்கு அந்தக் கதைய நான் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"ரெட்டைன்னா பத்துல ஒண்ணு நல்லாவும் இருக்கும். பாத்துட்டுப் பேசலாம்" என்றார் டாக்டரம்மா.

ஊசி போட நிறுத்துகிற இரும்புக் கூண்டுக்குப் பயில்வானை ஓட்டிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா கையுறை மாட்டி, முனை மழுங்கின ஒரு பிளாஸ்டிக் குழாயில் எண்ணெய் தடவினார். முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வெள்ளைக்காதுக்காரியை ஏற்றினார்கள். குழாய் மெதுவாக ஒரு சாணுக்கு மேலே உள்ளே போயிற்று. "கர்ப்பப்பைக்குப் போற வழி. இவ்வளவு போகணும்" என்று குழாயில் விரல் வைத்து அளவைக் காட்டினார். அப்புறம் அதை வளைவுக்குத் திருப்பி விட்டு, குழாயைக் கழுவி, பயில்வானை ஏற்றினார்கள். எல்லோரும் கூண்டைச் சுற்றி நெருங்கிவிட்டார்கள். சம்பந்தியம்மா கூண்டுக் கம்பிக்குள் கைவிட்டு அதன் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல."

போ, இன்னும் கொஞ்சம் போ என்று நான் மனதுக்குள் குழாயைத் தள்ளினேன்.

விரல் நீளம் போயிற்று. நின்றது. டாக்டரம்மா கோணத்தை மாற்றிப் பார்த்தார். அங்கேயேதான் நின்றது. குழாயை எடுத்து, தலையை அசைத்தார்.

சம்பந்தியம்மா தாடையிலிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எடுத்ததும் புடவையில் துடைத்துக்கொண்டு வளைவுக்குள் போனார். நேராக வெள்ளைக்காதுக்காரியின் முதுகில் கையை வைத்தார்.

மேனேஜர் என்னைத் தனியே கூப்பிடவில்லை. அங்கேயே, எல்லோர் முன்னாலும் சொன்னார். "கன்னு செத்ததக்கூட விட்டுடலாம். மறைச்சதுக்கு உன் பதினாலு வருஷமும் அழிஞ்சுது. இன்னையிலேருந்து ஒண்ணாவது நாள். இஷ்டம்னா இரு. இல்லன்னா கேட்டு தெறந்துதான் இருக்கு."

"இருக்கேன் சார்."

பயில்வானை வளைவுக்குள் திரும்ப விடவில்லை. சனிக்கிழமை வருகிற கறி வண்டிக்கென்று தனியாக இருக்கிற கொட்டடிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். ரேடியோதான் ஓட்டினான். அது திரும்பித் திரும்பிச் சம்பந்தியம்மாவைப் பார்த்துக்கொண்டே போனது. அதை அனுப்பியது என் வாய்தான். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் இலை தின்றுகொண்டிருந்திருக்கும்.

வீட்டுக்கு இருபது நிமிஷ நடை. சம்பந்தியம்மா முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நான் பின்னால் தள்ளிக்கொண்டு. வெள்ளைக்காதுக்காரி ரோட்டைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் நின்றது. டயர்க் கடை தாண்டுகிறவரை அவர் கயிற்றை மட்டும் இழுத்துக்கொண்டு போனார். திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"எட்டு மாசம்" என்றார், திரும்பாமல்.

நான் கிடேரியைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

"எட்டு மாசம் எலை பொறுக்கியிருக்கேன். கடைக்காரன் என்னை எலைக்காரம்மான்னுதான் கூப்பிடறான். பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருந்தீங்க."

"தப்புதான் சம்பந்தியம்மா."

"ரெட்டைன்னு தெரிஞ்சும்..."

"ரெட்டைன்னு தெரியும். மலடுன்னு தெரியாது. முந்தாநாள்தான்..."

அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகப் பல்லுக்குள் கட்டி வைத்திருந்தது நடுரோட்டில் விழுந்துவிட்டது. சம்பந்தியம்மா நின்றார். கிடேரியும் நின்றது. பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடித்தது, ஓரமாக இழுத்தோம்.

"இந்த வார்த்தைக்குத்தானா நேத்து கறவைக் கூடத்துல வந்து அப்படி மென்னு முழுங்கினீங்க?"

"ஆமா."

"நான் எப்பவாவது உங்க பொண்ண அப்படிச் சொல்லியிருக்கேனா?"

"இல்ல. ஒரு நாளும் இல்ல."

"சொல்லியிருக்கேன்" என்றார். "மனசுக்குள்ள. நாலஞ்சு தடவ. பொய் எதுக்கு? வாய் வரைக்கும் வந்துடும். அவ அப்பத்தான் பாத்து, அத்தை டீ போடட்டுமான்னு கேப்பா. முழுங்கிடுவேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் என் வீட்டில் உட்கார்ந்து என்னென்னவோ முழுங்கியிருக்கிறேன்.

கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு மறுபடி நடந்தார். "உங்க பொண்ணு போன மாசம் டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தா, தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதே!"

"தனியா போனா. எல்லா டெஸ்ட்டும் எடுத்து, உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல, வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. என் மகன் வரமாட்டேங்கறான். என்னைப் பாத்தா எப்படித் தெரியுதுன்னு கேக்கறான். ஜிம்முக்குப் போறானாம். நானும் அவ சொல்றது காதுல விழாத மாதிரியே இருந்துட்டேன்." கொஞ்ச தூரம் போய்விட்டு, "அந்தக் குழாய் நின்னுச்சே, அப்பத்தான் சுரீர்னுச்சு. இவ்வளவு நாள் தடவிக் குடுத்த கை இது. இதுக்கே ஒண்ணும் தெரியலையே."

"நீங்க சொல்லலாமே மாப்பிள்ளைகிட்ட."

"பெத்தவ சொன்னா ஏறுமா? நீங்க சொல்லுங்க."

"நானா! மாமனார் போயி மாப்பிள்ளைகிட்ட இதையெல்லாம்... என்ன சம்பந்தியம்மா, நல்லாவா இருக்கும்?"

"பண்ணையே நிக்கற எடத்துல வாயத் தெறந்தீங்கல்ல? பதினாலு வருஷம் போனாலும் போகுதுன்னு? நீங்க எனக்குக் குடுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. எட்டு மாச எலை. அதுக்குப் பதிலா இத செய்ங்க."

சரி என்று கிடேரியை முன்னால் தள்ளினேன்.

வீட்டு வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைக்காதுக்காரியைப் பார்த்ததும், "பயில்வான் எங்க?" என்றாள். "அப்புறம் சொல்றேன், இதுக்குத் தண்ணி காட்டு" என்று சம்பந்தியம்மா கயிற்றை அவள் கையில் கொடுத்தார். மகள் என் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், கேள்வி கேட்காமல் வாளியை எடுத்தாள்.

மாப்பிள்ளை உள்ளே கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தார். மத்தியான ஷிப்ட்டு. நல்ல உயரம், நல்ல தோள். சட்டைக் கை புஜத்தில் இறுக்கிப் பிடித்திருந்தது.

"வாங்க மாமா. மாடு கெடைச்சுதா?"

"கெடைச்சுது மாப்ள. உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

"சாயங்காலம் பேசலாமே மாமா, பஸ்ஸுக்கு நேரமாச்சு." செருப்பைத் தேடினார். ஒன்று வாசற்படியில் கிடந்தது. இன்னொன்றின் மேல் சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, கால எடு."

அவர் எடுக்கவில்லை. வெளியே வாளியில் கிடேரி தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அது நின்றபிறகும் மகள் உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் நிழல் அசையாமல் இருந்தது. காலையில் அத்தனை பேர் முன்னால் கத்தியதைவிட இது கஷ்டமாக இருந்தது. இங்கே சொல்ல இங்கிலீஷ் பேர்கூட ஒன்றும் என்னிடம் இல்லை.

"மாப்ள" என்றேன். "அடுத்த பஸ்ஸுல போலாம். உக்காருங்க."

அவர் தன் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒற்றைச் செருப்போடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். ஆரம்பித்தேன்.